புது ஃபிளாட் வாங்கும்போது நம்ம பக்கம் பேச ஒரு ஆள் வேணுமா? (பெரம்பூர் – மாதவரம்)

லோகோ_வீட்டுப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ரயில்வே லோகோ ஒர்க்ஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பொறந்து வளர்ந்தது எல்லாம் பெரம்பூர்தான். கல்யாணத்துக்கு அப்புறம் பதினோரு வருஷமா செம்பியம் பக்கம் வாடகை வீடு. இப்பதான் சொந்தமா ஒரு ஃபிளாட் வாங்கலாம்னு கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கு.

மாதவரம் நெடுஞ்சாலையில இருந்து உள்ள போற ஒரு தெருவுல புதுசா கட்டிக்கிட்டிருக்காங்க. ஸ்டில்ட் (கீழ வண்டி நிறுத்தற தளம்) பிளஸ் அஞ்சு மாடி. 1,150 சதுர அடி, அடிக்கு 7,200. மொத்தம் 82 லட்சத்து 80 ஆயிரம். போன ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம். சைட்ல இருந்த சேல்ஸ் தம்பி ரொம்ப நல்லா பேசினாரு. மெட்ரோ வரப்போகுது, மூலக்கடை ஸ்டேஷன் நடக்கிற தூரம்னு சொன்னாரு. "அக்கா, இந்த வாரம் டோக்கன் அட்வான்ஸ் போட்டா இந்த ரேட், அடுத்த மாசம் அடிக்கு 300 ஏறிடும்"னாரு. பதினஞ்சு நாள்ல 15 லட்சம் கட்டணுமாம். அக்ரிமென்ட் அப்புறம் போட்டுக்கலாமாம்.

எனக்கு ஒண்ணுதான் உறுத்துது. அங்க இருக்கறவங்க எல்லாருமே பில்டரோட ஆளுங்க. பிளான் காட்டறவரு, லோன் ஏற்பாடு பண்றவரு, "எங்க வக்கீலே பத்திரம் எல்லாம் பார்த்துட்டாரு"ன்னு சொல்றவரு, எல்லாருக்கும் அவங்கதான் சம்பளம் தர்றாங்க. நமக்குன்னு பேச ஒருத்தரும் இல்ல. பழைய வீடு வாங்கும்போது புரோக்கர் வெச்சுக்கறோமே, புதுசுக்கும் நம்ம பக்கம் ஒருத்தரை வெச்சுக்கணுமா? வெச்சா யாரை? செலவு எவ்வளவு ஆகும்?

---

தண்டையார்பேட்டை_தம்பி

வேண்டவே வேண்டாம் அக்கா. நடுவுல ஆள் வந்தா அவருக்கு 2 பர்சன்ட் போகும். அது கடைசியில நம்ம தலையிலதான் விடியும். நான் 2021-ல நேரா பில்டர் ஆபீசுக்கே போனேன். "புரோக்கர் இல்ல, அந்தக் காசை எனக்குக் குறைச்சுக்குடுங்க"ன்னு கேட்டு கார் பார்க்கிங்ல ஒரு லட்சம் குறைச்சேன். ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு நம்பர் இருக்கு, பேங்க் லோன் தருதுன்னா வேற என்ன பார்க்கணும்? பேங்க் வக்கீலே பத்திரத்தைப் பார்த்துடுவாரே.

---

கொளத்தூர்க்காரி

தங்கச்சி, இந்தக் கேள்வியை இப்பவே கேட்டியே, அதுக்காகவே உட்கார்ந்து எழுதறேன். நான் கேட்காம விட்டேன்.

2019-ல வாங்கினோம். எங்க சைட்லயும் ஒரு பையன்தான். என் பொண்ணு பிறந்தநாளைக் கூட ஞாபகம் வெச்சு போன் பண்ணுவான். அவனை நான் இன்னைக்கும் குறை சொல்லல, அவன் வேலையை அவன் நல்லா செஞ்சான். அந்த வேலை என்னை வாங்க வைக்கிறதுன்னுதான் எனக்குப் புரியல. வீட்டுப் பையன் மாதிரி நினைச்சு, எந்தச் சந்தேகம் வந்தாலும் அவன்கிட்டயே கேட்டேன். நான் கேட்டதுக்கு பதில் சொன்னான். எனக்குக் கேட்கத் தெரியாததை அவன் ஏன் சொல்லப்போறான்?

குடி போன அப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரிய வந்துச்சு. பிளான்ல இருக்கறதுக்கு மேல கட்டினதால சி.எம்.டி.ஏ. (கட்டட அனுமதி தர்ற பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வரல. அது இல்லாம ஈ.பி. நிரந்தர இணைப்பு தரல. கட்டுமானத்துக்குன்னு வாங்கின தற்காலிக இணைப்புலயே பதினாலு மாசம் ஓட்டினோம். அந்த ரேட்டுல பில் கட்டி, மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷனும் இல்லாம லாரித் தண்ணி வாங்கி, கூடவே லோன் ஈ.எம்.ஐ.யும் கட்டினோம். என் மாமியார் ஒரு நகையை அப்பதான் வித்தாங்க. பார்க்கிங்குன்னு காட்டின இடம் மழைத்தண்ணி பைப்புக்கு நேர் கீழ.

15,000 ரூபா குடுத்து ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போயிருந்தா, பிளானையும் கட்டடத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்து அன்னைக்கே சொல்லியிருப்பாரு. 70 லட்சம் போடற இடத்துல 15,000-ஐ மிச்சம் பிடிச்சோம்.

தண்டையார்பேட்டை தம்பிக்கு: பேங்க் வக்கீல் பேங்குக்காகப் பார்க்கறாரு. குடுத்த கடன் திரும்பி வருமான்னுதான் அவங்க கவலை. உங்க பார்க்கிங் எங்க இருக்குன்னு அவர் பார்க்க மாட்டாரு.

---

மூலக்கடை_தரகர்

நான் இந்தத் தொழில்ல 19 வருஷமா இருக்கேன். ரேரா பதிவு எடுத்த ஏஜென்ட். உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க.

முதல்ல தம்பி சொன்ன 2 பர்சன்ட். பழைய வீட்டுக்கு வாங்கறவங்ககிட்டயும் நாங்க கமிஷன் வாங்குவோம். புது புராஜெக்ட்ல பில்டர்தான் எங்களுக்குத் தர்றாரு. அவர் விளம்பரம், ஆபீஸ், சேல்ஸ் ஆள், எங்க கமிஷன் எல்லாத்தையும் முன்னாடியே விலையில போட்டு வெச்சிருப்பாரு. நான் கூட வராததால அந்தக் காசு அப்படியே உங்களுக்கு வந்துடாது. பேசத் தெரிஞ்சவங்களுக்குக் கொஞ்சம் வரும், தம்பிக்கு வந்த மாதிரி. பேசத் தெரியாதவங்களுக்கு ஒண்ணும் வராது.

ரெண்டாவது, முதல் தடவை சைட்டுக்குப் போறப்ப நோட்டுல பேர், நம்பர் எழுதச் சொல்லுவாங்களே, அது வெறும் வருகைப் பதிவு இல்ல. அன்னையில இருந்து நீங்க அவங்க நேர் கஸ்டமர். அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போனாலும் பில்டர் எனக்குத் தர மாட்டாரு. அதனால ஆள் வெச்சுக்கறதா இருந்தா முதல் நாளே கூட்டிட்டுப் போங்க. நீங்க ஏற்கெனவே போயிட்டீங்க சிஸ்டர்.

மூணாவது சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. பில்டர்கிட்ட கமிஷன் வாங்கற நான் முழுசா உங்க ஆள் இல்ல. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ண முடியுமா? ரேரா சட்டம் 10-ஆவது பிரிவு எங்களைப் பொய் சொல்லக்கூடாது, பதிவு இல்லாத புராஜெக்டை விக்கக்கூடாது, கேட்கற ஆவணம் கிடைக்க உதவணும்னு கட்டாயப்படுத்துது. நான் அதை மீறினதில்ல. ஆனா பத்து புராஜெக்ட் இருக்கறப்ப, அதிக கமிஷன் தர்ற ரெண்டை முதல்ல காட்டணும்னு மனசு போகும். எனக்கும் போயிருக்கு.

இப்ப என்கிட்ட வர்ற சில பேர்கிட்ட நான் சொல்றது இதுதான்: எனக்கு நீங்களே ஒரு தொகை பேசிக் குடுங்க, பில்டர்கிட்ட நான் எதுவும் வாங்கல, அதை எழுதித் தர்றேன். பத்துல ரெண்டு பேர்தான் ஒத்துக்கறாங்க. "பில்டர் தர்றப்ப நான் ஏன் தரணும்"னு மத்தவங்க கேட்கறாங்க.

---

தண்டையார்பேட்டை_தம்பி

தரகர் அண்ணா, நேர்மையா எழுதினதுக்கு நன்றி. அப்ப புரோக்கர் வேணாம்னு நான் சொன்னது சரிதானே?

மூலக்கடை_தரகர்

பில்டர் காசு வாங்கற புரோக்கரை நம்பி மட்டும் வாங்காதீங்க, அது சரி. ஆனா யாருமே இல்லாம போறது அதைவிட மோசம் தம்பி. உங்களுக்குப் பேச வந்துச்சு. கொளத்தூர் அக்கா கதையையும் படிங்க.

---

ராயபுரம்_டு_டல்லாஸ்

சொந்த ஊர் ராயபுரம், கல்மண்டபம் பக்கம். டெக்சஸ்ல எட்டு வருஷம் ஆச்சு, 2024 கடைசியில இங்க புது வீடு வாங்கினேன். சட்டம் வேற, விலை வேற, ஆனா இந்த விஷயம் அச்சு அசல் அப்படியே இருக்கு.

இங்க மாடல் ஹோம்ல உட்கார்ந்து சிரிச்சுப் பேசறவரும் பில்டரோட ஆள்தான். வாங்கறவங்களுக்குன்னு தனி ஏஜென்ட் வெச்சுக்கறது இங்க ரொம்ப நாளா பழக்கம். அவரையும் முதல் தடவையே கூட்டிட்டுப் போகணும், இல்லன்னா பில்டர் அவருக்குப் பணம் தர மறுக்கலாம். தரகர் அண்ணன் சொன்ன அதே நோட்டுப் புத்தக விவகாரம்தான். 2024 ஆகஸ்ட் 17-ல இருந்து இன்னொரு மாற்றம். ஒரு கோர்ட் சமரசத்துக்கு அப்புறம், நம்ம ஏஜென்ட் வீடு காட்டறதுக்கு முன்னாடியே அவருக்கு எவ்வளவு கூலி, யார் தருவாங்கன்னு எழுத்துல ஒப்பந்தம் போடணும். அந்த ஒரு தாளால எனக்குத் தெளிவு வந்துச்சு. யாருக்கு யார் காசு தர்றாங்கன்னு மேஜை மேல வந்துடுது.

ஏஜென்ட்டை விட எனக்கு உதவினவர் நான் தனியா பணம் குடுத்து வெச்ச வீட்டு இன்ஸ்பெக்டர். சுவருக்குப் போர்டு அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்தாரு, சாவி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்தாரு, பதினோராவது மாசம், அதாவது ஒரு வருஷ வாரண்டி முடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்தாரு. முதல் தடவையிலேயே வயரிங்ல மூணு தப்பு கண்டுபிடிச்சாரு. போர்டு அடிச்ச அப்புறம் அது யார் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது.

---

ஓட்டேரி_வக்கீல்

நம் ஊரில் அமெரிக்கா போல வாங்குபவருக்கென்று தனி ஏஜென்ட் என்ற தொழில் இன்னும் வேர் பிடிக்கவில்லை. அந்த வேலையை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள்: ஒரு வக்கீல், ஒரு சிவில் இன்ஜினியர். இருவருக்கும் நீங்களே ஃபீஸ் கொடுங்கள். பில்டர் சிபாரிசு செய்பவராக இருக்கக் கூடாது.

சகோதரி, அக்ரிமென்ட் இல்லாமல் 15 லட்சம் என்றீர்களே, அங்கேயே நில்லுங்கள். ரேரா சட்டம் 2016, பிரிவு 13: விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல், மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. உங்கள் விலைக்கு அது 8 லட்சத்து 28 ஆயிரம். அதையும் முதல் வாரத்திலேயே கொடுக்க அவசியமில்லை. முதலில் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

நகல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வட்டி. "வாங்குபவர் தவணை தாமதித்தால் 18 சதவீதம், பில்டர் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய்" என்று இன்னமும் எழுதிக் கொண்டுவருகிறார்கள். சட்டப்படி இரு பக்கமும் ஒரே வட்டி. தமிழ்நாடு விதிகளில் அது ஸ்டேட் பாங்கின் உச்ச எம்.சி.எல்.ஆர். (வங்கியின் அடிப்படைக் கடன் வட்டி) விகிதத்தோடு 2 சதவீதம்.

விலையிலும் அவர் சொல்லாமல் விட்டது இருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 4 லட்சத்து 14 ஆயிரம். (45 லட்சத்துக்குள், 60 சதுர மீட்டர் கார்பெட் ஏரியாவுக்குள், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்புக்குள், இருந்தால் 1 சதவீதம், உங்களுக்கு அது பொருந்தாது.) 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டுக்கு நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிகிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 7 சதவீதம். ஏறக்குறைய 5 லட்சத்து 80 ஆயிரம். இரண்டும் சேர்ந்து பத்து லட்சத்தை நெருங்குகிறது. விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் டி.டி.எஸ். (பில்டருக்கான வருமான வரி) பிடித்து நீங்கள் வரித்துறைக்குக் கட்ட வேண்டும். அது விலைக்குள்ளேயே அடங்கும், கூடுதல் செலவு இல்லை. ஆனால் மறந்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது குறைந்தது 30 வருட ஈ.சி. (வில்லங்கச் சான்று), தாய்ப் பத்திரம் (முந்தைய உரிமைப் பத்திரம்), பட்டா, நில உரிமையாளர் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தால் அந்தப் பவர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. வடசென்னையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வாரிசுச் சிக்கல். பழைய குடும்ப நிலம், அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து பில்டருக்குக் கொடுத்திருப்பார்கள். கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

---

ரெட்டேரி_சிவில்

வக்கீல் சார் காகிதம் சொல்லிட்டாரு, நான் மண்ணும் தண்ணியும் சொல்றேன்.

1,150-ன்னு அவங்க சொல்றது சூப்பர் பில்ட்-அப், அதாவது படிக்கட்டு, லிஃப்ட் மாதிரி பொது இடத்தோட பங்கையும் சேர்த்தது. கார்பெட் ஏரியா எவ்வளவுன்னு கேளுங்க. ரேரா வந்த அப்புறம் கார்பெட்லதான் விக்கணும். 780 இருந்தா, 82.8 லட்சத்தை 780-ஆல வகுத்துப் பாருங்க, அடி 10,600-க்கு மேல வரும். வேற புராஜெக்டோட ஒப்பிடறப்ப இந்தக் கணக்குலதான் ஒப்பிடணும். யூ.டி.எஸ். (நிலத்துல உங்க பிரிக்கப்படாத பங்கு) எத்தனை சதுர அடின்னு பத்திரத்துல நம்பரா இருக்கணும். எல்லா வீட்டு யூ.டி.எஸ்.ஸையும் கூட்டினா மனையளவு வருதான்னு பாருங்க. அதுக்கு மேல வந்தாலும் சிக்கல், மொட்டை மாடியில இன்னொரு வீடு வர்ற அளவு பில்டர் கையில மிச்சம் வெச்சிருந்தாலும் சிக்கல்.

அடுத்தது வெள்ளம். இதுக்கு ஏஜென்ட்டும் வேணாம், இன்ஜினியரும் வேணாம். அந்தத் தெரு முனையில இருக்கற டீக்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், எதிர்வீட்டுப் பாட்டி, மூணு பேரையும் தனித்தனியா கேளுங்க: 2015 டிசம்பர்ல எங்க வரைக்கும் தண்ணி வந்துச்சு, 2023 மிக்ஜாம் புயல்ல எங்க வரைக்கும் வந்துச்சு? சுவர்ல கை வெச்சுக் காட்டுவாங்க. அந்தக் கை உயரத்தை டேப்ல அளந்து, ஸ்டில்ட் தரை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாருங்க. கணேசபுரம் சப்வே நிரம்பினா வியாசர்பாடி துண்டாயிடும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். சைட்டைச் சுத்தி இருக்கற வழியும் அப்படித்தானான்னு பார்க்கணும்.

ஸ்டில்ட்ல நான் முதல்ல தேடறது சம்ப் (நிலத்தடித் தண்ணித் தொட்டி) மூடி. குடிதண்ணி சம்ப் தரைமட்டத்துல இருந்து, பக்கத்துலயே கழிவுநீர் தொட்டியும் இருந்தா, ஒரு மழைக்கு ரெண்டும் கலக்கும். மூடி தரைக்கு மேல ஒன்றரை அடியாவது தூக்கிக் கட்டியிருக்கணும். ஈ.பி. மீட்டர் போர்டும் அப்படித்தான், இடுப்புக்கு மேல இருக்கணும். போர் தண்ணியை எடுத்து லேப்ல குடுங்க. நம்ம பக்கம் ஒரு தெருவுக்கு ஒரு தெரு தண்ணி மாறும். தண்டையார்பேட்டையில 2013-ல நிலத்தடித் தண்ணியில எண்ணெய் கலந்து வந்ததை மறந்துடாதீங்க.

கட்டறப்பவே போகணும், முடிஞ்ச அப்புறம் இல்ல. பூச்சு பூசி பெயின்ட் அடிச்சுட்டா எல்லாக் கட்டடமும் அழகுதான். பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி தண்ணி கட்டி ரெண்டு நாள் விட்டு, கீழ் வீட்டு சீலிங்கைப் பார்க்கணும். ஸ்ட்ரக்சர்லயும் வேலைத் தரத்துலயும் குறை வந்தா, சாவி வாங்கினதுல இருந்து 5 வருஷத்துக்கு பில்டர் தன் செலவுல சரி பண்ணிக் குடுக்கணும்னு ரேராவுல இருக்கு. ஆனா நாலாவது மாடி பாத்ரூம் ஒழுகறதை அஞ்சு வருஷம் துரத்தறதை விட, டைல்ஸுக்கு முன்னாடி ரெண்டு நாள் காத்திருக்கறது மேல்.

---

லோகோ_வீட்டுப்பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து முழுசும் படிச்சோம். டோக்கன் போடல. வக்கீலுக்கும் இன்ஜினியருக்கும் ஆள் பார்த்துட்டு வர்றேன். ஒரு சந்தேகம்: அவங்களைக் கூட்டிட்டுப் போனா பில்டர் "இவங்க தொல்லை பிடிச்ச கஸ்டமர்"னு வீட்டையே வேற யாருக்காவது குடுத்துடுவாங்களோ?

கொளத்தூர்க்காரி

குடுத்தா குடுக்கட்டும். கேள்வி கேட்டதுக்கே கோவிச்சுக்கறவர், வீட்டுல தண்ணி ஒழுகுதுன்னு போன் பண்ணா எடுப்பாரா?

---

லோகோ_வீட்டுப்பொண்ணு

மூணு வாரம் கழிச்சு எழுதறேன்.

வக்கீல் ஃபீஸ் 15,000. இன்ஜினியர் ரெண்டு தடவை வர்றதுக்கு 8,000. மொத்தம் 23,000. எங்க வீட்டுல இதுக்கே ஒரு சண்டை நடந்துச்சு. "வாங்கப்போறோமான்னே தெரியாத வீட்டுக்கு ஏன் இவ்வளவு"ன்னு மாமனார் கேட்டாரு.

இன்ஜினியர் சைட்டுக்கு வந்தப்ப சேல்ஸ் தம்பி முகம் கொஞ்சம் மாறுச்சு, ஆனா தடுக்கல. ரேரா தளத்துல இருந்த அனுமதி பிளானைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தோம். கட்டடம் பிளான்படிதான் இருக்கு. பக்கவாட்டு இடைவெளியைக் கூட டேப் வெச்சு அளந்தாரு. கார்பெட் 772. சம்ப் மூடி தரைமட்டத்துல இருந்துச்சு. இவர் சொன்னதும் சைட் இன்ஜினியரே தூக்கிக் கட்டறேன்னு ஒத்துக்கிட்டாரு, அடுத்த தடவை போனப்ப கட்டியும் இருந்தாங்க. இதைச் சொல்லியே ஆகணும், எல்லா பில்டரும் ஏமாத்தறவங்க இல்ல. கேட்க ஆள் இருந்தா செய்யறாங்க.

தெரு முனை பாட்டியைக் கேட்டேன். 2015-ல முட்டிக்குக் கீழ, 2023-ல முட்டிக்கு மேல, மூணு நாள் கரன்ட் இல்ல. ஸ்டில்ட் தரை அதைவிட ஒரு அடி உயரத்துல இருக்கு.

வட்டிப் பிரிவு வக்கீல் சார் இங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு, 18-க்கு 5 ரூபா. எங்க வக்கீல் ஒரே ஒரு கடிதம் எழுதினாரு, மாத்திட்டாங்க. பதினஞ்சு நாள்ல 15 லட்சம்கறதும் போயிடுச்சு. ஒப்பந்தம் பதிஞ்ச அப்புறம் குடுத்தா போதும்னாங்க. "அடுத்த மாசம் 300 ஏறும்"னு சொன்னது ஏறவே இல்ல.

பெரிய விஷயம் பத்திரத்துலதான். நிலம் ஒரு பெரியவர் சொந்தமா சம்பாதிச்சு வாங்கினது. உயில் எழுதாம இறந்துட்டாரு. 1994-ல மூணு பசங்க பாகம் பிரிச்சிருக்காங்க. வாரிசுச் சான்றுல நாலு பேர் இருக்கு. நாலாவது ஒரு பொண்ணு, கட்டிக்குடுத்தது திருவள்ளூர் பக்கம். அந்தம்மா கையெழுத்து எங்கயும் இல்ல. அப்பா உயில் இல்லாம இறந்தா மகளுக்கும் சம பங்குன்னு 1956 சட்டத்துலயே இருக்காமே. பேங்க் வக்கீல் இதைப் பார்த்தாரா, பார்த்தும் விட்டாரான்னு எனக்குத் தெரியாது, லோன் மட்டும் சாங்ஷன் ஆயிடுச்சு.

பில்டர்கிட்ட நேரா போய்ப் பேசினோம். முதல்ல "அதெல்லாம் முப்பது வருஷம் ஆச்சு, யார் கேட்கப்போறாங்க"ன்னாரு. எங்க வக்கீல், "அந்தம்மா பேரன் கேட்பான் சார்"னு மட்டும் சொன்னாரு. அப்புறம் அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்து, அவங்களுக்கு உரியதைக் குடுத்து விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்குடுக்கற பத்திரம்) பதிஞ்சு தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு.

---

ஓட்டேரி_வக்கீல்

நல்ல வேலை செய்திருக்கிறார் உங்கள் வக்கீல். விடுதலைப் பத்திரம் அந்த அம்மாவே நேரில் வந்து பதிய வேண்டும். பவர் வாங்கி வேறு யாரோ கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மூலக்கடை_தரகர்

சிஸ்டர், இந்த புராஜெக்டை நானே போன வருஷம் ரெண்டு பேருக்குக் காட்டியிருக்கேன்னு நினைக்கறேன். வாரிசுச் சான்றை நான் கேட்கல. நாளைக்கே அந்த ரெண்டு பேருக்கும் போன் பண்றேன்.

லோகோ_வீட்டுப்பொண்ணு

அண்ணா, கண்டிப்பா பண்ணுங்க. வேணும்னா எங்க வக்கீல் நம்பரும் தனியா அனுப்பறேன். எங்களுக்கு அடுத்த மாசம் 10 தேதிக்குள்ள பதிஞ்சு தர்றதா எழுதிக் குடுத்திருக்காங்க. ஈ.சி.ல அந்த விடுதலைப் பத்திரம் ஏறினதும் இங்க வந்து எழுதறேன். அதுவரைக்கும் பணம் எங்க கணக்குலயே இருக்கும்.